டாஸ்பாக்ஸில் ஓடும் புரோகிராமுக்கு ஆர்க்யுமென்ட் அனுப்புவது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின் காலத்து விளையாட்டுகளையும் கணக்குப் புரோகிராம்களையும் இன்றைய கணினியில் ஓட்டுவதற்கு டாஸ்பாக்ஸ் எமுலேட்டரை (பழைய டாஸ் கணினியைப் போல நடந்துகொள்ளும் மென்பொருளை) பயன்படுத்துவோருக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. புரோகிராம் திறந்துவிடுகிறது, ஆனால் அதற்குக் கொடுத்த ஆர்க்யுமென்ட் (பெயருக்குப் பின்னால் தட்டும் கூடுதல் சொற்கள்) போய்ச் சேரவில்லை அல்லது துண்டுதுண்டாகப் போய்ச் சேருகிறது என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட சிக்கல். பதில்கள் டாஸ்பாக்ஸ் 0.74 வரிசையை, அதாவது 2010-இல் வந்த 0.74 முதல் 2019-இல் வந்த 0.74-3 வரையிலான பதிப்புகளை, மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. கட்டளைகள் யாவும் ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் இட வேண்டும். குறியீடுகளையும் இடைவெளிகளையும் மட்டும் இங்குள்ளபடியே இட வேண்டும்.

கேள்வி: நான் எழுதிய வரி ஒன்று, புரோகிராமுக்குக் கிடைத்த வரி வேறொன்று. இது ஏன்?

ஒரே வரியை நான்கு பேர் அடுத்தடுத்துப் படிக்கிறார்கள் என்பதே காரணம். முதலில் உங்கள் கணினியின் ஷெல், அதாவது தட்டிய கட்டளையை வாங்கி ஓட்டும் புரோகிராம், படிக்கிறது; லினக்ஸில் பெரும்பாலும் பாஷ், விண்டோஸில் சிஎம்டி அல்லது பவர்ஷெல். அடுத்து டாஸ்பாக்ஸ் தனக்குரிய ஆப்ஷன்களைப் பிரித்தெடுக்கிறது. மூன்றாவதாக, டாஸ்பாக்ஸுக்குள் இருக்கும் கட்டளை ஷெல் மிச்சத்தைப் படிக்கிறது. கடைசியில் டாஸ் புரோகிராமே தனக்கு வந்ததைப் பிரித்துப் பார்க்கிறது. ஒவ்வொருவருக்கும் இடைவெளி, மேற்கோள்குறி, பேக்ஸ்லாஷ் ஆகியவற்றைப் பற்றிய சொந்த விதிகள் உண்டு. ஒருவர் உரித்துவிட்ட மேற்கோள்குறி அடுத்தவரை எட்டாது. ஆகவே வரி தவறும்போது குறிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதைவிட, எந்தக் கட்டத்தில் தவறுகிறது என்று முதலில் கண்டுபிடிப்பதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

இயங்குதளங்களுக்கிடையே அடிப்படையான ஒரு வேறுபாடும் உண்டு. லினக்ஸில் ஷெல் ஆர்க்யுமென்ட்டுகளைத் தனித்தனியாகப் பிரித்து ஒரு பட்டியலாகவே புதிய புரோகிராமிடம் ஒப்படைக்கிறது. விண்டோஸில் முழு வரியும் ஒரே சரமாக, அதாவது ஒரே எழுத்துத் தொடராகப் போகிறது. பிரிக்கும் பொறுப்பு பெறுகிற புரோகிராமுடையது. டாஸிலும் ஒரே சரம்தான், ஆனால் மிகச் சிறிய சரம்.

கேள்வி: டாஸ் புரோகிராமின் கைக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

ஒரு புரோகிராமை ஏற்றும்போது டாஸ் அதற்கு முன்னால் 256 பைட் அளவுள்ள ஒரு தலைப்பகுதியை அமைக்கிறது. அந்தப் பகுதியின் 128-ஆவது இடத்தில் (சுழியத்திலிருந்து எண்ணினால்) கட்டளைவரியின் நீளம் ஒரு பைட்டாக இருக்கும். அதைத் தொடர்ந்து எழுத்துகள். முடிவில் 13 என்ற எண்ணுடைய வரிமுடிவுக் குறி. அங்கிருந்து மிஞ்சும் 128 பைட்டில் நீளத்திற்கும் முடிவுக்குறிக்கும் ஒவ்வொரு பைட் போக, எழுத்துகளுக்குக் கிடைப்பது 126 பைட் மட்டுமே. புரோகிராமின் பெயர் இந்தச் சரத்தில் இருக்காது. பெயருக்குப் பிறகு நீங்கள் இட்ட இடைவெளி இருக்கும்.

உதாரணமாக ஒரு புரோகிராமின் பெயருக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு /எக்ஸ் ஏபிசி என்று சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்டினால், 128-ஆவது இடத்திலிருந்து நினைவகத்தில் 7, 32, 47, 120, 32, 97, 98, 99, 13 என்ற எண்கள் வரிசையாக அமர்ந்திருக்கும். 7 என்பது நீளம், 32 இரண்டும் இடைவெளிகள், 47 ஸ்லாஷ், மற்றவை எழுத்துகள். மேற்கோள்குறி இட்டிருந்தால் அதுவும் 34 என்ற எண்ணாக அப்படியே நடுவில் நிற்கும். டாஸ் அதை உரிப்பதும் இல்லை, அதற்குப் பொருள் கொள்வதும் இல்லை.

இந்த ஏற்பாடு டாஸுக்கு முந்தைய சிபி/எம் இயங்குதளத்திலிருந்து வந்தது. அங்கும் 128-ஆவது இடத்தில்தான் கட்டளைவரி அமர்ந்தது. ஆனால் எழுத்துகள் அனைத்தும் பெரிய எழுத்தாக மாற்றப்பட்டே வந்தன. டாஸ் நீங்கள் தட்டியபடியே விட்டுவிடுகிறது. எழுத்தின் சிறுமை பெருமையைப் பொருட்படுத்துவதும் படுத்தாததும் ஒவ்வொரு புரோகிராமின் விருப்பம்.

கேள்வி: டாஸ்பாக்ஸ் என்று தட்டி, புரோகிராமின் பாதையையும் அதற்குப் பிறகு /எக்ஸ் என்பதையும் கொடுத்தேன். /எக்ஸ் ஏன் போய்ச் சேரவில்லை?

டாஸ்பாக்ஸ் கட்டளையில் புரோகிராமின் பெயரை நேரடியாகக் கொடுத்தால், அந்தப் புரோகிராம் இருக்கும் கோப்புறையைச் சி டிரைவாக இணைத்து, புரோகிராமை வெறுமனே ஓட்டுவதோடு டாஸ்பாக்ஸ் நின்றுகொள்ளும். பின்னால் வரும் சொற்களைப் புரோகிராமுக்கு எடுத்துச் செல்லும் வசதி இந்த வடிவத்தில் இல்லை. ஆர்க்யுமென்ட் தேவைப்படும் இடத்தில் -சி ஆப்ஷனையோ கான்ஃபிகரேஷன் கோப்பையோதான் (டாஸ்பாக்ஸின் அமைப்புகளை எழுதி வைக்கும் உரைக்கோப்பு) பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: -சி ஆப்ஷனை எப்படி எழுதுவது?

ஒவ்வொரு -சி-க்கும் பின்னால் ஒரு டாஸ் கட்டளையை, முழுவதையும் ஒரே ஆர்க்யுமென்ட்டாக, மேற்கோள்குறிக்குள் எழுத வேண்டும். 1993-இல் வெளிவந்த டூம் விளையாட்டை, முதல் அத்தியாயத்தின் மூன்றாம் கட்டத்தில், நான்காம் கடின நிலையில் நேரடியாகத் தொடங்க விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸில் வரி இப்படி அமையும்:

டாஸ்பாக்ஸ் -சி "மவுண்ட் சி டி:\டூம்" -சி "சி:" -சி "டூம் -வார்ப் 1 3 -ஸ்கில் 4" -சி "எக்ஸிட்"

மவுண்ட் என்பது உங்கள் கணினியின் கோப்புறையை டாஸ்பாக்ஸுக்குள் ஒரு டிரைவாக இணைக்கும் கட்டளை. டூமுக்குரிய -வார்ப், -ஸ்கில் இரண்டும் மேற்கோள்குறிக்குள் அடைபட்டிருப்பதைக் கவனியுங்கள். குறிகளை விட்டுவிட்டால் -சி-க்கு டூம் என்ற ஒரு சொல் மட்டுமே போகும். விளையாட்டு திறக்கும், ஆனால் எப்போதும்போல் முகப்புத் திரையில் வந்து நிற்கும். எந்தப் பிழைச்செய்தியும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

வரிசையும் முக்கியம். முதலில் கான்ஃபிகரேஷன் கோப்பின் ஆட்டோஎக்ஸெக் பகுதி, அதாவது டாஸ்பாக்ஸ் தொடங்கியதும் தானே ஓடும் கட்டளைகள், ஓடும். பிறகு -சி கட்டளைகள் எழுதிய வரிசையில் ஓடும். நேரடியாகப் பெயர் கொடுத்த புரோகிராம் இருந்தால் அது கடைசியில் ஓடும். ஆட்டோஎக்ஸெக் பகுதியின் இறுதியில் எக்ஸிட் என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால், உங்கள் -சி கட்டளைகளின் முறை வருவதற்குள் டாஸ்பாக்ஸ் மூடிக்கொள்ளும். அந்தப் பகுதியை ஒருமுறைக்கு மட்டும் தவிர்க்க -நோஆட்டோஎக்ஸெக் என்ற ஆப்ஷன் இருக்கிறது. -சி எத்தனை முறை வரலாம் என்பதற்கும் உச்சவரம்பு உண்டு. ஏழெட்டைத் தாண்டும் நிலை வந்தாலே கான்ஃபிகரேஷன் கோப்புக்கு மாறிவிடுவது நல்லது.

கேள்வி: கோப்புறையின் பெயரில் இடைவெளி இருக்கிறது. மேற்கோள்குறிக்குள் மேற்கோள்குறி இடுவது எப்படி?

விண்டோஸில் இதற்கு டாஸ்பாக்ஸே வழி செய்து வைத்திருக்கிறது. -சி-யின் கட்டளைக்குள் வரும் ஒற்றை மேற்கோள்குறி ஒவ்வொன்றையும் அது இரட்டை மேற்கோள்குறியாக மாற்றிக்கொள்ளும். ஆகவே வெளியே இரட்டை, உள்ளே ஒற்றை என்று எழுதினால் போதும்:

டாஸ்பாக்ஸ் -சி "மவுண்ட் சி 'டி:\பழைய கேம்ஸ்'"

(கோப்புறையின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும்; காரணம் கீழே தனியாகச் சொல்லப்பட்டுள்ளது.) இந்த மாற்றம் விண்டோஸ் பதிப்பில்தான் நடக்கிறது, லினக்ஸில் நடப்பதில்லை. விண்டோஸுக்காக யாரோ எழுதிய வரியை அப்படியே லினக்ஸில் ஒட்டினால் ஒற்றைக் குறிகள் பாதையின் பகுதியாகவே கருதப்பட்டு, அப்படியொரு கோப்புறை இல்லை என்று பதில் வரும்.

லினக்ஸில் இதைத் தலைகீழாக எழுத வேண்டும்: வெளியே ஒற்றை, உள்ளே இரட்டை.

டாஸ்பாக்ஸ் -சி 'மவுண்ட் சி "/ஹோம்/குமரன்/பழைய கேம்ஸ்"' -சி 'சி:'

பாஷ் ஒற்றை மேற்கோள்குறிக்குள் இருக்கும் எதையும் தொடாது. டாலர் குறி, பேக்ஸ்லாஷ், இரட்டை மேற்கோள்குறி எல்லாம் எழுதியபடியே டாஸ்பாக்ஸைச் சென்றடையும். டாஸ் பாதைகளில் பேக்ஸ்லாஷ் மிகுதியாக வருவதால், லினக்ஸில் ஒற்றை மேற்கோள்குறியை வழக்கமாகவே வைத்துக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறேன். குறியே இல்லாமல் சி:\டூம் என்று எழுதினால் பாஷ் பேக்ஸ்லாஷை விழுங்கிவிட, சி:டூம் என்றே போய்ச் சேரும். ஹோம் கோப்புறையைக் குறிக்கும் ~ குறி மேற்கோளுக்குள் இருந்தால் பாஷ் அதை விரிக்காது. ஆனால் டாஸ்பாக்ஸின் மவுண்ட் கட்டளை தானே விரித்துக்கொள்ளும் என்பதால் தடையில்லை.

கேள்வி: பவர்ஷெல்லில் மட்டும் குழப்பம் கூடுதலாக இருக்கிறதே?

விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1, வெளிப் புரோகிராமுக்கு ஆர்க்யுமென்ட் அனுப்பும்போது உள்ளே இருக்கும் இரட்டை மேற்கோள்குறிகளைச் சரியாகக் காப்பாற்றுவதில்லை. 2022-இல் வந்த 7.3 பதிப்பில்தான் இது சீர்செய்யப்பட்டது. டாஸ்பாக்ஸைப் பொறுத்தவரை மேலே சொன்ன "வெளியே இரட்டை, உள்ளே ஒற்றை" முறை இந்தக் கோளாறிலிருந்தும் காப்பாற்றுகிறது, ஏனென்றால் உள்ளே இரட்டைக் குறியே இருக்காது. டாஸ்பாக்ஸின் சொந்தப் பாதையை மேற்கோளுக்குள் எழுதினால் அதற்கு முன் & குறியும் ஓர் இடைவெளியும் இட வேண்டும்; இல்லாவிட்டால் பவர்ஷெல் அதை ஓட்டாமல், வெறும் சரமாகத் திரையில் அச்சிட்டுவிடும்.

கேள்வி: பாதையின் கடைசியில் பேக்ஸ்லாஷ் இருந்தால் வரி முழுவதும் கெட்டுப்போகிறது. ஏன்?

விண்டோஸில் பரவலாகப் பின்பற்றப்படும் மைக்ரோசாஃப்ட் சி விதியின்படி, இரட்டை மேற்கோள்குறிக்கு முன்னால் ஒற்றைப்படை எண்ணிக்கையில் பேக்ஸ்லாஷ் வந்தால் அந்தக் குறி வெறும் எழுத்தாகக் கருதப்படும். இரட்டைப்படையில் வந்தால் பேக்ஸ்லாஷ்கள் பாதியாகக் குறைந்து, குறி தன் வேலையைச் செய்யும். வேறெந்த எழுத்துக்கு முன்னால் வந்தாலும் பேக்ஸ்லாஷுக்குச் சிறப்புப் பொருள் கிடையாது. "மவுண்ட் டி டி:\" என்று எழுதும்போது கடைசியில் பேக்ஸ்லாஷும் மேற்கோள்குறியும் ஒட்டிக்கொண்டு, மூட வேண்டிய மேற்கோள் மூடாமல் அடுத்த -சி-யையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது.

கோப்புறையாக இருந்தால் கடைசி பேக்ஸ்லாஷை விட்டுவிடலாம். டிரைவின் வேர்ப்பாதையாக இருந்தால் விட முடியாது; அப்போது "மவுண்ட் டி 'டி:\'" என்று ஒற்றைக் குறிக்குள் அடைத்துவிடுங்கள். பேக்ஸ்லாஷுக்கு அடுத்து ஒற்றைக் குறி நிற்பதால் விதி செயல்படாது. குறுந்தகடாக இருந்தால் பாதைக்குப் பின் -டி சிடிராம் (இங்கே டி என்பது ஆங்கில t) என்ற ஆப்ஷன் எப்படியும் வரும் என்பதால் சிக்கல் எழாது.

கேள்வி: இவ்வளவு குறிகளோடு போராடாமல் எளிய வழி ஏதும் உண்டா?

உண்டு. பலமுறை ஓட்டப்போகும் எந்தப் புரோகிராமுக்கும் தனியாக ஒரு கான்ஃபிகரேஷன் கோப்பு எழுதி, அதன் [ஆட்டோஎக்ஸெக்] பகுதியில் கட்டளைகளை வரிக்கு ஒன்றாக இட்டு, -கான்ஃப் ஆப்ஷனில் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். அந்த வரிகளை உங்கள் கணினியின் ஷெல் பார்ப்பதே இல்லை. டாஸ்பாக்ஸ் அவற்றை இஸட் டிரைவில் உள்ள ஆட்டோஎக்ஸெக் பேட்ச் கோப்பாக (வரிசையாக ஓட வேண்டிய கட்டளைகள் அடங்கிய கோப்பு) மாற்றி ஓட்டுகிறது. நான்கு பேரில் இருவர் வழியிலிருந்து விலகிவிடுகிறார்கள். -கான்ஃப் ஒன்றுக்கு மேற்பட்டும் வரலாம் என்பதால் பொது அமைப்புகளை ஒரு கோப்பிலும் விளையாட்டுக்குரியவற்றை இன்னொன்றிலும் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் ஷார்ட்கட்டின் டார்கெட் பெட்டியில் சுமார் 260 எழுத்துகளுக்கு மேல் தட்ட முடியாது. நீளமான -சி வரிசைகள் அங்கே அடங்காமல் போவதும் இந்த வழியை நாட நல்ல காரணம்.

கேள்வி: ஆர்க்யுமென்ட் 126 எழுத்தைத் தாண்டினால் என்ன செய்வது?

சிஎம்டியில் 8191 எழுத்துகள் வரையிலும், விண்டோஸில் ஒரு புரோகிராமைத் தொடங்கும்போது 32,767 எழுத்துகள் வரையிலும் இடமுண்டு என்பதால், நீளமான வரி டாஸ்பாக்ஸ் வரை நலமாக வந்துவிட்டு உள்ளே நுழைந்ததும் வெட்டுப்படும். கடைசி ஆர்க்யுமென்ட் பாதியில் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அந்தக் காலத்தவர்கள் இதற்குக் கண்ட தீர்வு ரெஸ்பான்ஸ் கோப்பு. ஆர்க்யுமென்ட்டுகளை ஓர் உரைக்கோப்பில் எழுதி, அதன் பெயருக்கு முன் @ குறி இட்டுக் கொடுத்தால் புரோகிராம் கோப்பைத் திறந்து படித்துக்கொள்ளும். டூம் இதை ஆதரிக்கிறது. டூமின் கட்டங்களும் படங்களும் அடங்கிய வாட் கோப்புகள் பலவற்றை -ஃபைல் ஆப்ஷனில் அடுக்குவோருக்கு இது கட்டாயத் தேவை. டிஜேஜிபிபி கம்பைலரால் உருவான புரோகிராம்களும் @ கோப்புகளை ஏற்கும். என்விரான்மென்ட்டில் (புரோகிராம்களுக்கு ஷெல் கொடுக்கும் பெயர்-மதிப்புப் பட்டியலில்) சிஎம்டிலைன் என்ற மாறியில் முழு வரியையும் வைத்து அனுப்பும் மரபும் 4டாஸ் ஷெல்லிலும் விண்டோஸ் 95-இன் டாஸிலும் இருந்தது. ஆனால் பெறும் புரோகிராமுக்கு அந்த மரபு தெரிந்திருந்தால்தான் பயன். இவற்றில் எதையும் ஆதரிக்காத புரோகிராமுக்குக் கோப்புறைப் பெயர்களைக் குறுக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: மேற்கோள்குறி டாஸ் புரோகிராம் வரை சரியாகவே போகிறது. ஆனாலும் அது இடைவெளியில் பிரித்துவிடுகிறதே?

பிரிக்கும் வேலை புரோகிராம் எழுதப்பட்ட மொழியின் நூலகத்தைச் சார்ந்தது. டர்போ பாஸ்கலின் பாராம்ஸ்டர் இடைவெளியிலும் டேப்பிலும் பிரிக்கும்; மேற்கோள்குறியை அது பொருட்படுத்தாது. குவிக்பேசிக்கின் கமாண்ட்$ முழு வரியையும் பிரிக்காமல், ஆனால் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிக் கொடுக்கும். டிஜேஜிபிபி ஒற்றை, இரட்டை இரண்டையும் மதிக்கும். ஒரே கட்டளைவரி மூன்று புரோகிராம்களில் மூன்று விதமாக நடந்துகொள்வதற்கு இதுவே காரணம். எமுலேட்டரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

நல்லவேளையாக, டாஸ் கோப்புப் பெயர்கள் எட்டு எழுத்தும் மூன்று எழுத்து விரிவும் கொண்டவை. வழக்கமான பெயர்களில் இடைவெளி வராது. நீளமான பெயருள்ள கோப்பை டாஸ்பாக்ஸ் ~1 போன்ற முடிவுள்ள குறும்பெயராக மாற்றிக் காட்டும். அந்தக் குறும்பெயரை டாஸ்பாக்ஸே உருவாக்குவதால் அது விண்டோஸ் காட்டும் குறும்பெயரிலிருந்து வேறுபடலாம். டாஸ்பாக்ஸுக்குள் டிர் கட்டளை கொடுத்து, அங்கே தெரியும் பெயரையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: பேட்ச் கோப்பு வழியாக ஆர்க்யுமென்ட்டுகளைக் கடத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

%1 முதல் %9 வரை ஆர்க்யுமென்ட்டுகள், %0 கோப்பின் பெயர். ஒன்பதைத் தாண்டினால் ஷிஃப்ட் கட்டளை. எம்எஸ்-டாஸின் ஷெல் இடைவெளியோடு காற்புள்ளி, அரைப்புள்ளி, சமக்குறி ஆகியவற்றையும் பிரிப்பானாகக் கொள்ளும்; அ=ஆ என்று கொடுத்தால் இரண்டு ஆர்க்யுமென்ட்டுகள் ஆகிவிடும். டாஸ்பாக்ஸின் உள் ஷெல் எம்எஸ்-டாஸின் அச்சு நகல் அல்ல, ஆகவே இத்தகைய ஓரப் பிரச்சினைகளைச் சோதித்த பிறகே நம்ப வேண்டும். ஒரு பேட்ச் கோப்பிலிருந்து இன்னொன்றைக் 'கால்' கட்டளை (ஆங்கிலத்தில் call) இல்லாமல் அழைத்தால் முதல் கோப்புக்குத் திரும்பி வராது. < மற்றும் > குறிகள் ஆர்க்யுமென்ட்டில் வந்தால் ஷெல் அவற்றைத் திசைமாற்றமாக எடுத்துக்கொள்ளும். இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் விட்டுவிடும். விண்டோஸ் பேட்ச் கோப்பிலிருந்து டாஸ்பாக்ஸை அழைக்கும்போது % குறி உள்ளே போய்ச் சேர வேண்டுமானால் அதை %% என்று இரட்டித்து எழுதுங்கள். இல்லையெனில், உதாரணமாக %பாத்% என்று எழுதும்போது, விண்டோஸின் பாத் மாறியே விரிந்து உள்ளே போகும்.

கேள்வி: எந்தக் கட்டத்தில் தவறு நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உண்மைப் புரோகிராமை ஒதுக்கி வைத்துவிட்டு, அதன் இடத்தில் எக்கோ [%1] [%2] [%3] என்ற ஒற்றை வரியுள்ள பேட்ச் கோப்பை ஓட்டிப் பாருங்கள். சதுர அடைப்புக்குறிகள் இருப்பதால் ஒவ்வொரு துண்டும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். இங்கே சரியாக வந்தால் பிழை டாஸ் புரோகிராமில். இங்கேயே தவறினால் அதே கட்டளையை டாஸ்பாக்ஸுக்குள் கையால் தட்டிப் பாருங்கள். கையால் தட்டும்போது சரியாக வந்தால் பிழை உங்கள் கணினியின் ஷெல்லிலோ -சி வரியிலோ இருக்கிறது. இன்னும் ஐயம் இருந்தால், ஃப்ரீடாஸ் திட்டத்தின் டீபக் கருவியில் புரோகிராமை ஆர்க்யுமென்ட்டோடு ஏற்றி, மேலே சொன்ன 128-ஆவது இடத்தை நேராகவே பார்க்கலாம். டீபக் எண்களை ஹெக்ஸ் முறையில் படித்துக் காட்டும் என்பதால் அங்கே அந்த இடம் 80.

கேள்வி: இணையத்திலிருந்து நகலெடுத்த வரி ஏன் வேலை செய்வதில்லை?

சொற்செயலிகளும் சில வலைத்தளங்களும் நேரான மேற்கோள்குறியை வளைந்த குறியாகவும், ஹைஃபனை நீண்ட கோடாகவும் மாற்றிவிடுகின்றன. கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிந்தாலும் அவை வேறு எழுத்துகள். குறிகளை அழித்துவிட்டு விசைப்பலகையிலிருந்து மீண்டும் தட்டுங்கள். டாஸ்பாக்ஸுக்குள் சில விசைப்பலகை அமைப்புகளில் முக்காற்புள்ளியும் பேக்ஸ்லாஷும் வராமல் போகும். ஆல்ட் விசையை அழுத்தியபடி எண்பலகையில் 58 தட்டினால் முக்காற்புள்ளியும், 92 தட்டினால் பேக்ஸ்லாஷும் கிடைக்கும்.

கேள்வி: கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறேன். இணைக்க முடியுமா?

விண்டோஸில் முடியாது என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு. டாஸ்பாக்ஸ் 0.74 விண்டோஸின் பழைய எட்டு பிட் எழுத்துமுறையைக் கொண்டே கோப்புகளை அணுகுகிறது. தமிழுக்கு விண்டோஸில் அப்படியொரு கோட்பேஜ் (எட்டு பிட் எழுத்து அட்டவணை) கிடையாது, யூனிகோடு மட்டுமே உண்டு. ஆகவே தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிப் பாதை அறுந்துவிடும். பயனர் கணக்கின் பெயரே தமிழில் இருப்பவர்கள் டெஸ்க்டாப்பில் உள்ள கோப்புறையையும் இதனால் இணைக்க முடியாமல் தவிப்பதுண்டு. டிரைவின் வேரில் ஆங்கில எழுத்தில் ஒரு கோப்புறை அமைத்து அங்கே வைத்துக்கொள்வதே தீர்வு.

கேள்வி: கியூஎமுவிலும் இதே விதிகள்தாமா?

வேறு பிராசஸர்களையும் முழுக் கணினிகளையும் எமுலேட் செய்யும் மென்பொருளான கியூஎமுவில் இரண்டு நிலைகள் உண்டு. ஒரே ஒரு லினக்ஸ் புரோகிராமை மட்டும் வேறு பிராசஸருக்காக ஓட்டும் யூசர் முறையில், புரோகிராமின் பெயருக்கு முன்னால் வருபவை கியூஎமுவுக்கு, பின்னால் வருபவை அனைத்தும் புரோகிராமுக்கு. லினக்ஸ் பட்டியலாகவே கடத்துவதால் பாஷ் பிரித்தபடியே போய்ச் சேரும். முழுக் கணினியையும் எமுலேட் செய்யும் முறையில், -கெர்னல் ஆப்ஷனோடு சேர்த்து -அப்பெண்ட் ஆப்ஷனில் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் புரோகிராமின்) வரி முழுவதையும் ஒரே மேற்கோளுக்குள் தர வேண்டும்; அந்த வரிக்குள் ஒரு மதிப்பில் இடைவெளி வந்தால் கெர்னலுக்காக உள்ளே இரட்டை மேற்கோளும் வேண்டும். கெர்னலுக்குக் கிடைத்ததை உள்ளே போய் /ப்ராக்/சிஎம்டிலைன் கோப்பில் படித்துக்கொள்ளலாம். டிஸ்க் கோப்பின் பெயரில் காற்புள்ளி இருந்தால் மட்டும் மேற்கோள்குறி எதுவும் உதவாது: கியூஎமு தன் ஆப்ஷன்களைக் காற்புள்ளியில்தான் பிரிக்கிறது என்பதால், பெயரில் வரும் ஒவ்வொரு காற்புள்ளியையும் இரண்டாக எழுத வேண்டும்.